தென்னை மூட்டில் ஊற்றிய தேன்

ஜூன் 3

துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்பு முழுக்க மஞ்சள் பொட்டு. சோப்புத் தூளில் ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, மழை விட்ட நேரத்தை நம்பிக் கொடியில் போட்ட விரிப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பது வருஷம் ஊரார் மலத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்தவளுக்கு இது தெரியாதா? ஓய்வு பெற்ற அன்று டெட்டால் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, இனிச் சாகும்வரை இந்தக் கண்றாவியைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அது வானத்திலிருந்து விழுகிறது.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். லிஜி நைட்டியும் தோளில் ஒரு துண்டும் கையில் பாதி கடித்த பழம்பொரியுமாக வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“தேனீக்க பீயாக்கும் மாமி. கூட்டுக்குள்ள இருக்காது. அடக்கி வச்சிட்டு வெளிய வந்துதான் இருக்கும். நம்மளவிட சுத்தம்.”

“அதுக்கு எனக்க விரிப்பிலயா வந்து இருக்கணும்?”

ஊரில் எல்லாப் பெண்ணும் கல்யாணத்துக்குப் பீரோவும் கட்டிலும் கொண்டுவந்தால் இவள் அருமனையிலிருந்து பன்னிரண்டு தேன்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே கால் நட்டு வரிசையாக வைத்திருக்கிறாள். என் மகன் அஜின் மஸ்கட்டில் இருக்கிறான். குடும்ப விசாவுக்கு வழி செய்துவிட்டு, வா வா என்கிறான். இவளோ, தை மாசம் ரப்பர் தளிர்க்கட்டும், தேன் எடுத்துவிட்டு வருகிறேன் என்று நாளைக் கடத்துகிறாள். ரப்பரில் தேன் ஊறுவது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். அந்த ஓரிரு மாதம்தான் எங்கள் பக்கத்தில் தேன் அறுவடை. மழை மாதங்களில் சீனித்தண்ணீர் கொடுத்து உயிரைப் பிடித்து வைக்கவேண்டும்.

பெட்டிகளைச் சாக்குச் சொல்லித்தான் இங்கே இருக்கிறாள். போனால் எனக்கு நல்லது. குளியலறைச் சாக்கடையில் முடிக்கொத்து அடைக்காது. ஊறுகாய்ப் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு, மென்ற சோற்றோடு புருஷனிடம் வாயைத் திறந்து சிரிக்கிற அசிங்கத்தையும் நான் பார்க்கவேண்டாம்.

விரிப்பை மறுபடி துவைத்தேன்.

ஜூன் 6

லிஜியின் அண்ணனுக்கு ஆண் குழந்தை. அருமனைக்குப் புறப்பட்டுப் போனாள். ஞானஸ்நானம் முடிந்துதான் வருவாளாம். போகிற போக்கில் எனக்குப் பாடம்.

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா செரட்டையில சீனித்தண்ணி வச்சா போரும் மாமி. வேற ஒண்ணும் செய்யாண்டாம். தொறந்து பாக்கவும் வேண்டாம், கேட்டியளா?”

எனக்குச் சொல்லித்தருகிறாள். தேங்காய்ச் செரட்டைகளை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பூஞ்சை, செத்த ஈ, ஒரு கரப்பான் கால். இதில்தான் இந்த ஜீவன்கள் சாப்பிடுகின்றன. நாமும் அதன் தேனை நக்குகிறோம்.

ஜூன் 8

சுத்தம் செய்தாயிற்று. உடம்பு வலிக்கிறது, கழுத்தில் மூன்று கொட்டு, ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

முதலில் புதர். பெட்டிகளைச் சுற்றி நாய்த்துளசியும் தும்பையும் நொச்சியும் இடுப்பளவு. பெயரே நாய்த்துளசி. நாய் மோந்து பார்த்துக் காலைத் தூக்குகிற செடி, பக்கத்தில் போனால் மருந்துக்கடை நாற்றம். மழைக்காலமானால் பாம்பும் கொசுவும் அதற்குள்தான். ரப்பர் பால் வெட்டுகிற தங்கையனைக் கூப்பிட்டு வேரோடு பிடுங்கச் சொன்னேன். அவன் வெற்றிலைச் சாறு வழிய நின்றான்.

“லிஜிப்பிள்ள செல்லிச்சா லேபம்மா?”

“இடம் எனக்காக்கும். பிடுங்கு.”

லேபில் வேலை பார்த்ததால் ஊரே என்னை லேபம்மா என்றுதான் கூப்பிடுகிறது. இவன் வாயிலிருந்து கேட்கும்போது மட்டும் துடைத்துப்போடத் தோன்றும். இவன் பன்றி வளர்க்கிறவன். சட்டையில், முடியில், சிரிப்பில்கூட அந்த வாடை. போன வருஷம் லிஜி இவனுக்கும் ஒரு தேன்கூடு பிரித்துக் கொடுத்தாளாம், பன்றிக்கூட்டை ஒட்டி வைத்திருக்கிறானாம். பன்றிக்கூட்டுத் தேன்!

பிறகு பெட்டிகள். மருத்துவமனை முகமூடி, கையுறை, தலைக்குப் பிளாஸ்டிக் உறை. பெட்டிக்குள் பார்த்த கோலம்! அடைகளெல்லாம் கறுப்பு. புழு கழற்றிப் போட்ட தோலும் ஆயிரம் கால் மிதித்த அழுக்கும். அடை கட்டிய மரச்சட்டங்களின் மேல்மூலையில் தேன், அதுவும் கறுப்பு. ரப்பர்த் தேன் வெளுப்பாக இருக்கும், இது காய்ந்த கஷாயம் மாதிரி. கம்பி முனையில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. வேப்பங்காயைக் கடித்தது போல ஒரு கசப்பு, அதற்குமேல் ஒரு மருந்து வாடை. துப்பிவிட்டு மூன்று முறை வாய் கொப்பளித்தேன். கெட்டுப்போன சரக்கை வைத்துக்கொண்டா இவை மழைக்காலத்தைத் தள்ளுகின்றன?

பன்னிரண்டு பெட்டியிலும் கறுத்ததை எல்லாம் வெட்டி எடுத்தேன். வாளியில் சேர்த்துத் தென்னை மூட்டில் ஊற்றினேன். அடைகளை எரித்தேன். செரட்டைகளைத் தேய்த்து வெந்நீரில் போட்டு எடுத்தேன். நல்ல வெள்ளைச் சீனி, கொதித்து ஆறிய தண்ணீர், துணியில் வடிகட்டியது. இனியாவது சுத்தமான சாப்பாடு சாப்பிடட்டும்.

லிஜி வந்து பார்த்தால் வாயடைத்துப்போவாள்.

ஜூன் 9

தென்னை மூட்டில் எறும்பு. சகிக்கவில்லை.

ஜூன் 17

லிஜி வந்தாள். பைகளை வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனாள். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்று. பிடுங்கிப் போட்ட இடத்தைக் காலால் தடவிப் பார்த்தாள். பிறகு தென்னைப் பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள். பயணக் களைப்பாக இருக்கும், அல்லது அண்ணன் குழந்தை நினைப்பு.

உள்ளே வந்தவளிடம், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லா சுத்தமா இருக்கு மாமி,” என்றாள்.

அவ்வளவுதான். பாராட்டக்கூடத் தெரியாத ஜென்மம். ராத்திரிச் சாப்பாட்டில் அஜினிடம் சிரித்துப் பேசவுமில்லை. ஊம், ஊம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிச் சாப்பிட்டாள். நான் சொல்லிச் சொல்லி அலுத்தது இன்றைக்குப் பலித்திருக்கிறது.

ஜூலை 2

ஐந்தாம் பெட்டி வாசலில் கழிச்சல். விரிப்பில் விழுந்தது பொட்டு, இது பூச்சு. தேனீ வந்திறங்கும் பறக்கும் பலகையில் மஞ்சளும் பழுப்புமாக வடிந்திருக்கிறது. கீழே மண்ணில் தேனீக்கள் ஊர்கின்றன. சிறகு நடுங்குகிறது, எழும்ப முடியவில்லை. வயிறு உப்பிப் பளபளவென்று இருக்கிறது. ஒன்று என் செருப்பில் ஏறி அங்கேயே கழிந்தது.

லிஜி மண்ணில் முட்டுப்போட்டு அவற்றைக் கையில் எடுத்து ஊதினாள். அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“கையக் களுவு பிள்ளே,” என்றேன்.

அவள் அடுத்த தேனீயை எடுத்தாள்.

ஜூலை 6

அலமாரி அடியிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். ஆய்வகத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்த சாமான். கண்ணாடியைத் துடைத்து வெயில் பார்த்துத் திருப்பினேன்.

தேனீயின் தலையைக் கிள்ளிவிட்டு வால்நுனியைக் குறடால் பிடித்து இழுத்தால் குடல் முழுதாக வந்துவிடுகிறது. நல்ல குடல் மஞ்சளாக, வளைய வளையமாக இருக்கவேண்டுமாம். லிஜி சொன்னாள், அவள் அப்பா காட்டித்தந்தது. இது வெள்ளை வெளேரென்று, கஞ்சி ஊறின துணி மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி வைத்துப் பார்த்தேன். சில்லு முழுக்க அரிசிமணி போலப் பளபளக்கும் கிருமிகள். அமீபா பார்த்திருக்கிறேன், கொக்கிப்புழு முட்டை பார்த்திருக்கிறேன், இவ்வளவு நெருக்கடியை எந்த மனுஷ வயிற்றிலும் பார்த்ததில்லை. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

லிஜியும் குனிந்து பார்த்தாள். அவள் முடி மைக்ராஸ்கோப் மேடையில் விழுந்தது.

“இது சரியாவுமா மாமி?”

“நான் என்ன டாக்டரா?” என்றேன்.

ஜூலை 11

ஐந்தாம் பெட்டி காலி. இரண்டாவதும் ஒன்பதாவதும் ஊர ஆரம்பித்துவிட்டன. இன்று லிஜி அஜினிடம் போனில் கேட்டது காதில் விழுந்தது. விசாவுக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் வேண்டும் என்று.

நல்லது. இப்போதாவது புத்தி வந்ததே.

சாயங்காலம் தலைவலி. சமைக்கவில்லை.

ஜூலை 15

தங்கையன் பால் வாளியோடு நின்று கேட்டான், “பெட்டி சாவுதா லேபம்மா? எனக்க பெட்டி நல்லா இருக்கே.”

நம்பாமல் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் வரப்பில் நடக்கவேண்டும். தூரத்திலிருந்தே வாடை ஆளைத் தள்ளுகிறது. பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று சும்மாவா சொன்னார்கள், வழியில் ஒரு ஆட்டுக்குட்டி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பன்றிக்கூட்டின் பின்சுவரை ஒட்டி, சாணமும் சேறும் கலந்த இடத்தில், ஒரு கால் உடைந்த பெட்டி. கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறான். சுற்றிலும் நாய்த்துளசி, தும்பை, நொச்சி, பெயர் தெரியாத களை. எல்லாம் பூத்துக் கிடக்கிறது. தேனீ வாசலில் திருவிழாக் கூட்டம். பலகையில் ஒரு பொட்டு கழிச்சல் இல்லை.

“நீ என்ன மருந்து வச்சே?”

“மருந்தா? நான் அதைத் தொறந்தே பாக்கல்ல. கொட்டுமுல்லா? பன்னிக்க மணமாக்கும் லேபம்மா. அந்த மணத்துக்கு ஒரு சீக்கும் அடுக்காது.”

மூடன். சோம்பேறித்தனத்துக்கு ஒரு வைத்திய விளக்கம். ஆனாலும் நாலைந்து தேனீக்களைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில்லில் வைத்துப் பார்த்தேன். கிருமி இங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. குடல் மஞ்சளாகவே இருக்கிறது. அதே சீக்கு, அதே மழை. ஏதோ ஒன்று அங்கே அதைப் பெருகவிடாமல் வைத்திருக்கிறது.

ஜூலை 17

வேளாண் கல்லூரி ஆள் ஒருவரின் நம்பரை லிஜி வாங்கித்தந்தாள். போனில் பேசும்போதே மிக்சர் தின்றுகொண்டிருந்தார். காதுக்குள் நொறுக்கு நொறுக்கு என்று சத்தம். படித்தவர்கள் லட்சணம் இது. ஆனால் விஷயம் தெரிந்தவர்.

“மேடம், பூவுல இருக்கறது வெறும் சர்க்கரைத் தண்ணி இல்ல. செடி அதுல தன்னோட சரக்கையும் துளித்துளி கலந்து வைக்கும். கசப்பு, காரம், வாசனை. காப்பிப் பூவோட தேன்ல காஃபினே இருக்கு. ஓமத்துல வாசனை குடுக்கற பொருள் இருக்கு பாருங்க, அந்த மாதிரி சரக்கு துளசி ஜாதியில எல்லாம் உண்டு.”

“அது தேனீக்கு நல்லதா கெட்டதா?”

“ரெண்டும்தான். சிலது குடல்ல இருக்கற கிருமியைப் பெருக விடாது. சிலது தேனீயையே கொல்லும். எது, எவ்வளவுன்னு நாங்களே இன்னும் பாத்துட்டுதான் இருக்கோம். ஆனா வெறும் சீனியில ஓட்டற கூட்டுக்குத் தாங்கற சக்தி குறையுது, அது தெரியுது. சீனி குடுக்கறது தப்பில்ல, எல்லாரும்தான் குடுக்கறாங்க. உள்ள பழைய பூந்தேன் இருக்கும்ல, வெளிய களைச்செடி இருக்கும்ல, அதோட சேர்த்துச் சமாளிச்சுக்கும். உங்க பெட்டியில கறுத்த தேன் கொஞ்சமாவது இருக்கா?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 18

லிஜி கேட்டாள், அந்த சார் என்ன சொன்னார் என்று. மழை நின்றால் சரியாகும் என்று சொன்னார் என்றேன்.

ஜூலை 21

கசப்புதான் மருந்து என்றால் கசப்பைக் கொடுத்தால் தீர்ந்தது. லிஜி ரேஷன் கடைக்குப் போன நேரம், சாலையோரம் போய் நாய்த்துளசி பிடுங்கிக்கொண்டு வந்தேன். நானே பிடுங்கிப்போடச் சொன்ன செடியை ஊர் பார்க்க மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். நாலு படி தண்ணீரை ஒரு படியாகச் சுண்டவைத்துக் கஷாயம். மனுஷனுக்கு அப்படித்தானே காய்ச்சுகிறோம்? சீனித்தண்ணீரில் தாராளமாகக் கலந்து இரண்டு பெட்டிகளுக்கு வைத்தேன். ஒன்று மூன்றாம் பெட்டி, இருப்பதிலேயே தைரியமான கூடு.

ஜூலை 22

இரண்டு பெட்டியும் முடிந்தது. அடித்தட்டில் குவியலாகக் கிடக்கின்றன, நாக்கு வெளியே நீண்டிருக்கிறது. அள்ளும்போது ஈரமாக, கனமாக, கஷாய வாடையோடு. அந்த வாடை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லிஜி வந்து பார்த்தாள். செரட்டையை முகர்ந்து பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்குச் சண்டை போடத் தெரியும். அவள் போய்க் குளித்தாள்.

ஜூலை 29

இந்த முறை ஆய்வகத்தில் செய்வதுபோலச் செய்தேன். அதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும். தங்கையன் பெட்டியிலிருந்து கறுத்த தேன் ஒரு கரண்டி வாங்கிவந்தேன். கொட்டு வாங்கி வெட்டி எடுத்தது நான்தான், அவன் தூரத்தில் நின்று சிரித்தான். ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவி, வாயில் வலைத்துணி கட்டி, சீக்குப் பிடித்த தேனீக்களைப் பிரித்து விட்டேன். ஒன்றுக்கு வெறும் சீனித்தண்ணீர். ஒன்றுக்கு அதே சீனித்தண்ணீரில் கறுத்த தேன் சில சொட்டு.

ஐந்து நாள் கழித்து இன்று சில்லு பார்த்தேன். சீனி மட்டும் குடித்ததில் அரிசிமணி அப்பிக் கிடக்கிறது. சொட்டுத் தேன் குடித்ததில் பாதிகூட இல்லை. அந்தப் பாட்டிலில் இன்னும் சிறகடிப்புச் சத்தம் கேட்கிறது. அந்தப் பாட்டிலில் மட்டும்.

வாளி வாளியாகத் தென்னைக்கு ஊற்றினேன். அவ்வளவு இருந்தது என்னிடம்.



ஆகஸ்ட் 3

மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், மிச்சம் மூன்று பெட்டி. இருட்டு விழுந்து தேனீக்கள் அடைந்தபின் வாசலைத் துணியால் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, தங்கையன் பன்றிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். பூ அங்கேதான் இருக்கிறது. ஒரு பெட்டி லிஜி மடியில், ஒன்று என் மடியில், ஒன்று காலடியில். என் மடியில் இருந்தது கழிந்துகொண்டே வந்தது. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான்.

“என்ன மணம் இது?” என்றான்.

“வண்டிய ஓட்டு,” என்றேன்.

லிஜி சிரித்துவிட்டாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள், பல்லில் கீரை. நானும் ஏதோ பேச வாயைத் திறந்தேன், அதற்குள் பன்றிக்கூடு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9

விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாகிவிட்டதாம். திருவனந்தபுரத்திலிருந்து விமானம். லிஜி சொல்லும்போது நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“நல்லது,” என்றேன். நான் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரிசியில் அவ்வளவு புழு. எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12

பன்றிக்கூட்டுப் பக்கம் நின்று பெட்டி பார்த்தோம். கணுக்கால்வரை சேறு. மூன்றிலும் ராணி இருக்கிறது. ஒன்றில் புது முட்டை. சட்ட மூலையில் கறுப்பாக ஒரு விரற்கடை தேன் சேர்ந்திருந்தது. லிஜி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“கறுத்த தேனை நானாக்கும் வெட்டி ஊத்தினேன். நீ அருமனைக்குப் போனப்பம். பெட்டி செத்தது எனக்க கையாலயாக்கும்.”

“தெரியும் மாமி.”

“எப்பம் தெரியும்?”

“வந்த அண்ணைக்கே. தென்ன மூட்டுல எறும்பு மொய்ச்சிட்டு கெடந்துது. மண்ணத் தொட்டு நக்கிப் பாத்தேன். கசந்துது.”

மண்ணை நக்கியிருக்கிறாள். எறும்போடு.

“பொறவு ஏம்புள்ள என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?”

அவள் சட்டத்தை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினாள். மூடியைப் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்க என்னயப் போவச் சொல்லுதியன்னு நெனச்சேன் மாமி. வாயால செல்ல மனசு வராம, பெட்டியக் காலி பண்ணித் தாறியன்னு நெனச்சேன். கசாயம் வச்சப்பம் அது உறுதியாயிட்டு. அதான் அவருட்ட வாறேன்னு சொல்லிட்டேன்.”

சீ என்று என் வாயிலிருந்து வந்தது. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அவளைச் சொல்லவில்லை. யாரைச் சொன்னேன் என்று எழுதவேண்டுமா? என்னைத்தான். இத்தனை காலம் முகத்தைச் சுளித்துச் சுளித்து, ஒருத்தி என்னைப் பார்த்தாலே துரத்துகிறேன் என்று நினைக்கிற அளவுக்கு முகம் கோணிப்போய்க் கிடக்கிறது எனக்கு. பன்றிச் சேற்றில் நின்றுகொண்டு என்னைவிட அருவருப்பான ஒன்று அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“போவாண்டாம் பிள்ளே,” என்றேன். “எனக்கு நீ வேணும். நீ போனா நான் யாருட்ட சண்ட போடுவேன்?”

லிஜி அழுதாள். மூக்கு ஒழுகியது. நைட்டிக் கையில் துடைத்துக்கொண்டாள்.

“அவருட்ட வாக்குக் குடுத்தாச்சே மாமி. ரெண்டு வருசமா தனியாக் கெடக்காரு. இப்பம் வரல்லன்னு செல்ல எனக்கு முடியாது. நீங்க ஜூன்ல செல்லியிருந்தா…”

பஸ்ஸில் இருவரும் நாறிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

ஆகஸ்ட் 21

லிஜி போனாள். காரில் ஏறுமுன் கட்டிக்கொண்டு என் தோளில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனாள். இன்னும் சேலை மாற்றவில்லை. மழை, துவைத்தால் காயாது.

செப்டம்பர் 14

காலையில் பன்றிக்கூட்டுக்குப் போனேன். மூன்று பெட்டிகளிலும் தேனீ நன்றாக ஏறியிருக்கிறது. தீப்பெட்டியில் கொண்டுவந்து சில்லு பார்த்தேன், தேடித்தேடித்தான் ஒரு கிருமி கிடைத்தது. குடல் நல்ல மஞ்சள். பறக்கும் பலகை துடைத்துவிட்டது போல இருந்தது.

சாயங்காலம் லிஜி போன் செய்தாள். எதையோ மென்றுகொண்டே பேசினாள். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். தையில் எத்தனை கூடாகப் பிரிக்கலாம், ராணி வளர்க்க எந்தப் பெட்டியைப் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டே போனாள். பிறகு அஜின் வந்துவிட்டான், சோறு வைக்கவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தரை பளிச்சென்று இருக்கிறது. குளியலறைச் சாக்கடையில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது. கொடியில் வெள்ளை விரிப்பு, ஒரு பொட்டு இல்லை. வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. யாரும் எதையும் தொடவில்லை.

வீடு முழுக்கச் சுத்தம். குமட்டிக்கொண்டு வருகிறது.